பேஸ் கிட்டார்: ஷிஃப்ட் வேலைக்கு நடுவே கற்றுக்கொள்ள முடியுமா?

ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை, வல்லம் வடகால் பக்கம் அசெம்பிளி லைனில் வேலை செய்பவர்களுக்கு ‘டாக்ட் டைம்’ என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு ஷிஃப்டில் வேலைக்குக் கிடைக்கும் நேரத்தை, அந்த ஷிஃப்டில் தேவைப்படும் வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் டாக்ட். 450 நிமிடம், 450 வண்டி என்றால் ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்துக்குள் உங்கள் ஸ்டேஷன் வேலை முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் விளக்கு எரியும், சூப்பர்வைசர் வருவார்.

ஆனால் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பது லைனில் நிற்கும் பலருக்கே தெரியாது. ‘டாக்ட்’ ஒரு ஜெர்மன் சொல். இசையில் தாளத்தை, தாளத்தின் ஒரு சுற்றைக் குறிப்பது. 1930களில் ஜெர்மனியின் விமானத் தொழிற்சாலைகள் உற்பத்தி வேகத்தைக் குறிக்க அதை எடுத்துக்கொண்டன. அங்கிருந்து ஜப்பானின் மிட்சுபிஷிக்கும், பிறகு டொயோட்டாவுக்கும் போய், கடைசியில் நம் ஊர் ஷாப் ஃப்ளோர் வரை வந்துவிட்டது. தொழிற்சாலை இசையிடம் வாங்கிய கடன் இது.

முதல் சம்பளத்தில் கிட்டார் வாங்கி, மூன்று மாதத்தில் பீரோ மேலே ஏற்றி வைத்த கதை ரூமுக்கு ஒன்று இருக்கும். ஆறு கம்பி, விரலை முறுக்கும் கார்ட்ஸ், பக்கத்து பெட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவரின் முறைப்பு... இவற்றில் ஏதோ ஒன்று தோற்கடித்துவிடும். அப்படித் தோற்றவர்களும், இனிமேல்தான் தொடங்கப் போகிறவர்களும் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டிய வாத்தியம் பேஸ் கிட்டார்.

பேஸ் என்றால் எது? போனில் ஏன் கேட்பதில்லை?

பேஸ் கிட்டாரில் வழக்கமாக நான்கு கம்பிகள். தடித்ததிலிருந்து மெல்லியதுக்கு ஈ, ஏ, டி, ஜி. சாதாரண கிட்டாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கும் இதே பெயர்கள்தான். பேஸில் ஒவ்வொன்றும் ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். கிட்டாரின் தடித்த கம்பி விநாடிக்குச் சுமார் 82 முறை அதிர்கிறது; பேஸில் 41 முறை.

இந்த 41 ஹெர்ட்ஸை உங்கள் போன் ஸ்பீக்கரால் எழுப்பவே முடியாது. நகம் அளவுள்ள ஸ்பீக்கருக்கு அவ்வளவு காற்றைத் தள்ளும் வலு இல்லை. இருந்தும் போனில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் முழுசாகக் காணாமல் போவதில்லையே? காரணம், ஒரு கம்பி 41-இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. மேலே உள்ள மடங்குகளில் சில போன் வழியாகவும் வந்துவிடும். அவற்றை வைத்துக் கீழே இருக்க வேண்டிய ஒலியை மூளை தானாகவே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பாதி கேட்கிறோம், மீதி கற்பனை.

அதனால் பேஸ் பழக நினைப்பவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தெரிந்த பாட்டு ஒன்றை நல்ல ஹெட்போனில் திரும்பக் கேட்பது. அடியில் ஓடும் அந்தக் கனமான குரலை மட்டும் பிடித்துக்கொண்டு, வாயால் முணுமுணுத்தபடியே கடைசி வரை போக முடிகிறதா என்று பாருங்கள். முதல் தடவை பல்லவியிலேயே நழுவிவிடும். நாலாவது தடவை பிடிபடும். பைசா செலவில்லாத பாடம் இது.

மிருதங்கம் தெரிந்தவர்களுக்கு வேறு மாதிரியும் சொல்லலாம். வலப்பக்கம் மினுக்கிப் பேசும். ரவைப் பசை தடவிய இடப்பக்கத் ‘தொப்பி’யோ கும் என்று அடியில் நிற்கும். இசைக்குழுவில் பேஸ் செய்வது ஏறக்குறைய அந்தத் தொப்பியின் வேலை. கூடவே ராகத்தின் திசையையும் காட்ட வேண்டும் என்பது கூடுதல் பொறுப்பு.

கார் நகரம் வளர்த்த வாத்தியம்

மின்சார பேஸ் கிட்டாரை அமெரிக்காவின் பால் டுட்மார்க் 1930களிலேயே செய்து பார்த்துவிட்டார். ஆனால் அது பரவவில்லை. பரவியது 1951-இல் லியோ ஃபெண்டர் கொண்டுவந்த ‘பிரிசிஷன் பேஸ்’. ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஒருவேளை அதனாலேயே, வாத்தியத்தைக் கலைஞனின் கண்ணால் பார்க்காமல் உற்பத்திக்காரரின் கண்ணால் பார்த்தார். உடல் தனியாக, கழுத்து தனியாகத் தயாராகும். இரண்டையும் நான்கு ஸ்க்ரூவில் முடுக்கினால் வாத்தியம் ரெடி. கழுத்து கெட்டால் கழற்றி வேறு மாட்டலாம். ‘பிரிசிஷன்’ என்ற பெயருக்குக் காரணம் ஃப்ரெட்கள். பழைய டபுள் பேஸில் ஃப்ரெட் கிடையாது, சுரம் எங்கே என்று விரல்தான் தேட வேண்டும். இதில் கட்டைக்குப் பின்னால் அழுத்தினால் சுரம் துல்லியமாக வந்துவிடும்.

அந்தப் பேஸை உலகம் திரும்பிப் பார்க்க வைத்ததில் ஒரு கார் நகரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. டெட்ராய்ட். அங்கே ஃபோர்டு நிறுவனத்தின் லிங்கன்-மெர்க்குரி அசெம்பிளி லைனில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, 1959-இல் ஒரு இசை நிறுவனம் தொடங்கினார். அதுதான் பின்னாளில் ‘மோடவுன்’. வெறும் சட்டமாக உள்ளே நுழையும் வண்டி, மறுமுனையில் பளபளவென்று முழுக் காராக வெளியே போவதைப் பார்த்தவர் அவர். அந்த முறையிலேயே பாட்டையும் கலைஞர்களையும் தயாரிக்கலாம் என்ற யோசனை லைனில்தான் பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அந்த ஸ்டுடியோவில் நாள் கணக்காக உட்கார்ந்து பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டுமே கம்பியை இழுப்பார். எண்ணற்ற ஹிட் பாடல்கள் அந்த ஒற்றை விரலில் ஓடின. ஆனால் ரெக்கார்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. மார்வின் கேயின் 1971 ஆல்பத்தில்தான் மோடவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயரை முறையாக அச்சிட்டது. காரை ஓட்டிப் போகிறவருக்கு, அதன் கதவை மாட்டியவர் யார் என்று தெரியாது அல்லவா, கிட்டத்தட்ட அதே கதை.

சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று அழைப்பவர்கள் ஏற்றுமதிக் கணக்கைச் சொல்வார்கள். பாட்டுக் கணக்கிலும் ஒப்பிட இடம் இருக்கிறது.

நம்ம ஊர் பேஸ்

தமிழ் ரசிகர்கள் பேஸ் கிட்டாரைப் பெயர் சொல்லித் தேடத் தொடங்கியது இளையராஜாவின் பாடல்களால்தான் என்று சொன்னால் சண்டைக்கு வருபவர்கள் குறைவு. இசையமைப்பாளர் ஆவதற்கு முன் அவரே சென்னை ஸ்டுடியோக்களில் கிட்டார் வாசித்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர். அவர் பாடல்களில் பேஸ் சும்மா தாளத்துக்குத் துணை போவதில்லை. பாடகர் ஒரு மெட்டில் போக, அடியில் அது வேறொரு மெட்டைப் பாடிக்கொண்டே வரும். ‘பகலில் ஓர் இரவு’ (1979) படத்தில் எஸ்.பி.பி. பாடிய பாடலை ஹெட்போனில் கேட்டால் இது சட்டென்று புரியும். பல ஆண்டுகள் அவர் குழுவில் பேஸ் வாசித்தவர் சசிதரன். அந்த வரிகளை லட்சக்கணக்கானோர் முணுமுணுத்திருப்பார்கள். வாசித்தவர் பெயரைத் தெரிந்தவர்கள் அதில் எத்தனை பேர்?

ஏ.ஆர்.ரஹ்மான் காலத்தில் கேசட், சிடி உறைகளில் வாத்தியக் கலைஞர்களின் பெயர்களைப் பார்ப்பது வழக்கமானது. சென்னையின் கீத் பீட்டர்ஸை ‘ரஹ்மானின் பேஸிஸ்ட்’ என்று வெளியூர் ரசிகர்கள் அடையாளம் கண்டது அப்படித்தான். இன்று பேஸ் என்றாலே இளைஞர்கள் தேடிப் பார்க்கும் வீடியோக்களில் மும்பையைச் சேர்ந்த மோகினி டேயின் விரல்கள் பறக்கும். அதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். அது சிகரம், நமக்கு முதலில் படிக்கட்டு.

எதை வாங்குவது?

தொடக்க நிலை பேஸ்கள் ஏறக்குறைய 10,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. நான்கு கம்பி போதும். ஐந்து கம்பி கெத்தாக இருக்கும், ஆனால் வாசிக்காத கம்பிகளைச் சத்தம் போடாமல் பிடித்து வைப்பதே முதல் வருடத்தில் பெரிய வேலை. இதில் இன்னொன்று எதற்கு?

கவனிக்க வேண்டியது நீளம். வழக்கமான பேஸில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். முதல் ஃப்ரெட் வரை ஏறக்குறைய 4.8 செ.மீ. ‘ஷார்ட் ஸ்கேல்’ எனப்படும் 30 அங்குல பேஸில் அது 4.3 செ.மீ. அரை சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். நான்கு ஃப்ரெட் தாண்டி விரலை விரிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். கை சிறியதாக இருந்தால் கூச்சப்படாமல் ஷார்ட் ஸ்கேல் கேளுங்கள். பெரிய கலைஞர்களும் அதை வாசித்திருக்கிறார்கள். பால் மெக்கார்ட்னியின் வயலின் வடிவ ஹாஃப்னர் பேஸ் அந்த வகைதான்.

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, ஒரு வார விடுமுறை நாளில் பஸ் ஏறிச் சென்னை போய்க் கையில் எடுத்துப் பார்ப்பது மேல். அண்ணா சாலையில் 1842-லிருந்து இருக்கும் மியூசி மியூசிகல் போன்ற பழைய கடைகள் இருக்கின்றன. வாங்கியவுடன் ‘செட்அப்’ செய்து தரச் சொல்லுங்கள். கம்பி ஃப்ரெட்டிலிருந்து அதிக உயரத்தில் நின்றால் அழுத்த இரட்டிப்புப் பலம் வேண்டும். புதிதாகப் பழகுபவர் பழியைத் தன் விரல் மேல் போட்டுக்கொள்வார். கழுத்துக்குள் ஓடும் ‘ட்ரஸ் ராட்’ கம்பியைத் திருகி வளைவைச் சரிசெய்யலாம். டார்க் ரெஞ்ச் பிடித்த கைக்கு அதைத் திருக வேண்டும் என்ற ஆசை வரும். முதல் தடவை கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். பைக்கில் கட்டிக்கொண்டு வந்து வெயிலில் நிறுத்துவது மட்டும் வேண்டாம், மரம் வளையும்.

ரூமில் நாலு பேர் தூங்கினால்?

இங்கேதான் பேஸ் ஜெயிக்கிறது. மின்சார பேஸை ஆம்ப்பில் மாட்டாமல் வாசித்தால் பக்கத்து ஆளுக்கு லேசான டொக் டொக் மட்டும்தான் கேட்கும். அகூஸ்டிக் கிட்டாரில் இது நடக்காது. வல்லம் வடகாலில் 2024-இல் திறக்கப்பட்ட சிப்காட் விடுதி 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கானது. அவ்வளவு பேர் வெவ்வேறு ஷிஃப்டில் வந்து போகும் இடத்தில், சத்தமில்லாத வாத்தியம் என்பது வசதி மட்டுமில்லை, அக்கம்பக்கத்து உறவைக் காப்பாற்றுவதும்கூட.

ஆம்ப் இல்லாமலே தனக்கு மட்டும் கேட்க ஒரு வழி உண்டு. பேஸின் தலைப்பகுதியை மரக் கட்டிலிலோ பீரோவிலோ மெதுவாகச் சாய்த்து வைத்து வாசியுங்கள். மரம் முழுக்க அதிரும், நல்ல கனத்துடன் கேட்கும். காசு செலவழிக்கலாம் என்றால், பேஸின் துளையில் நேராகச் செருகும் சிறிய ஹெட்போன் ஆம்ப் போதும். பெரிய ஆம்ப்பை முதல் வருடத்தில் மறந்துவிடுங்கள்.

ட்யூன் செய்யப் போன் ஆப் போதும். ஆனால் தடித்த ஈ கம்பியைக் கண்டுபிடிக்க அது சில சமயம் திணறும். அப்போது 12-ஆவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டபடி இழுத்து, உடனே விரலை எடுங்கள். மணி மாதிரி ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும், ஆப் பிடித்துக்கொள்ளும்.

முதல் மாதம்

வலக்கைக் கட்டைவிரலை ஈ கம்பிக்குப் பக்கத்தில் உள்ள பிக்கப் மேல் ஊன்றி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி நடப்பதுபோல் இழுக்க வேண்டும். கம்பியை மேலே பிடுங்கக் கூடாது. விரல் கம்பியைத் தாண்டி அடுத்த கம்பியில் போய் நிற்க வேண்டும். நடுவிரல் சோம்பேறித்தனம் காட்டும். ஜேமர்சனுக்கு ஒரே விரல்தானே என்று தேற்றிக்கொள்ளலாம், ஆனால் பயிற்சியை விட வேண்டாம்.

இடக்கையில் பலரும் செய்யும் தவறு, ஃப்ரெட் கட்டையின் மேலேயே அழுத்துவது, அல்லது இரண்டு கட்டைக்கு நடுவில். கட்டைக்குச் சற்றே பின்னால், ஒட்டி அழுத்தினால் பாதிப் பலம் போதும். கழுத்தின் தொடக்கத்தில் ஃப்ரெட்கள் அகலமாக இருப்பதால் நான்கு விரலை நான்கு ஃப்ரெட்டில் வைக்கத் துடிக்க வேண்டாம். டபுள் பேஸ் கலைஞர்கள் நூறாண்டுக்கு மேலாகச் செய்வதுபோல் ஆள்காட்டி, நடுவிரல், சுண்டுவிரல் மூன்றையும் மூன்று ஃப்ரெட்டுக்கு வைத்துக்கொண்டு, மோதிர விரலைச் சுண்டுவிரலுக்குத் துணையாக விடுங்கள்.

இனி மெட்ரோனோம். நிமிடத்துக்கு 60 அடி. ஏ கம்பியைத் திறந்தபடி அடிக்கு ஒரு தடவை இழுங்கள். அவ்வளவுதான். ஐந்து நிமிடம். போர் அடிக்கும். அடுத்த ஐந்து நிமிடம் அதே நோட்டைப் பாதி அடியில் கை வைத்து நிறுத்துங்கள். இப்போது போர் அடிக்காது, கஷ்டமாக இருக்கும். நோட் எங்கே தொடங்குகிறது என்பதைப் போலவே எங்கே முடிகிறது என்பதும் பேஸில் முக்கியம். ஒரு பாட்டு ஆட வைப்பதற்கும் வைக்காததற்கும் வித்தியாசம் பெரும்பாலும் அந்த முடிவில்தான் ஒளிந்திருக்கிறது.

அடியைப் பிரித்து எண்ண வெளிநாட்டு வீடியோக்கள் சொல்லும் முறையைத் தேட வேண்டாம், கொன்னக்கோல் இருக்கிறது. ஒரு அடியை நாலாகப் பிரிக்க ‘தகதிமி’, மூன்றாகப் பிரிக்க ‘தகிட’. வாயால் சொல்லிக்கொண்டே ‘த’வில் மட்டும் கம்பியை இழுங்கள். பிறகு ‘தி’யில் மட்டும். இது ஒழுங்காக வர ஒரு வாரம் ஆகும். வந்துவிட்டால் பல வருட சொத்து.

பிறகு மெட்ரோனோமை 30-க்கு இறக்கி, ஒலிக்கும் ஒவ்வொரு அடியையும் இரண்டு, நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றையும் மூன்றையும் நீங்களே நிரப்ப வேண்டும். லைனின் டாக்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே தெரியும். அங்கே காலத்தை வேறு யாரோ நிர்ணயிக்கிறார்கள். கன்வேயர் இழுக்கிறது, கை பின்னால் ஓடுகிறது. இங்கே கருவி வாயை மூடிக்கொள்கிற இடங்களில் காலத்தைச் சுமப்பது வாசிப்பவர்.

நோட்களுக்கு வருவோம். சி, ஜி, ஏ மைனர், எஃப் என்ற நான்கு கார்ட்களில் எண்ணற்ற பாட்டுகள் ஓடுகின்றன. கிட்டாரிஸ்ட் அதற்கு நான்கு விரல் அமைப்புகளைப் பழக வேண்டும். பேஸில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு நோட் போதும்: சி என்பது ஏ கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், ஜி, ஈ கம்பியில் மூன்றாவது, ஏ, திறந்த ஏ கம்பி, எஃப், ஈ கம்பியில் முதல் ஃப்ரெட். இதை ‘ரூட்’ என்பார்கள். ரூட்டிலிருந்து அடுத்த மெல்லிய கம்பிக்குப் போய் இரண்டு ஃப்ரெட் தள்ளினால் பஞ்சமம், அதாவது ‘சரிகம’வின் ‘ப’. இரண்டு கம்பி தாண்டி இரண்டு ஃப்ரெட் தள்ளினால் மேல் ஸ்தாயி ‘ச’. இந்த மூன்று புள்ளி அமைப்பு கழுத்தில் எங்கே நகர்த்தினாலும் மாறாது. ரூட், பஞ்சமம், மேல் ‘ச’ மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழு மெல்லிசைக் கச்சேரியை ஒப்பேற்றியவர்கள் உண்டு.

கையும் காதும்

முதல் இரண்டு மூன்று வாரம் விரல் நுனி எரியும். அது இயல்பு, தோல் தடித்ததும் போய்விடும். ஆனால் மணிக்கட்டில் வலி, விரல்களில் மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, இவை வேறு. எட்டு மணி நேரம் நியூமேடிக் கன் பிடித்த கையின் அதே தசைநாண்களைத்தான் பேஸும் கேட்கிறது. அப்படித் தெரிந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். சில நாளில் போகவில்லை என்றால் டாக்டரையோ இ.எஸ்.ஐ. மருத்துவமனையையோ பார்க்க வேண்டும். ‘வலிச்சாதான் வளரும்’ என்ற ஜிம் வசனம் இங்கே செல்லாது. மணிக்கட்டு மடங்காத உயரத்தில் ஸ்ட்ராப்பை வையுங்கள். முழங்கால் வரை தொங்கவிட்டால் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், மணிக்கட்டுக்கு இல்லை.

காதும் அப்படித்தான். பிரஸ் ஷாப்பிலோ இன்ஜின் டெஸ்டிங்கிலோ ஒரு ஷிஃப்ட் முடித்து வந்தவுடன் கேட்கும் திறன் தற்காலிகமாக மங்கியிருக்கலாம். அப்போது ஹெட்போன் மாட்டினால் கை தானாக வால்யூமை ஏற்றும். பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான கேட்பு அளவு. சத்தம் கூடினால் நேரம் வேகமாகக் குறையும். வந்தவுடன் வாசிக்காமல், குளித்துச் சாப்பிட்டுவிட்டு உட்காருவது நல்லது.

ஷிஃப்ட் வாரா வாரம் மாறுகிறவர்கள் ‘தினமும் காலை ஆறு மணிக்கு’ என்று சபதம் போட்டால் பதினைந்தாம் நாள் உடையும். மணியோடு கட்டாமல் ஒரு செயலோடு கட்டுங்கள்: தூங்கப் போகும் முன் 15 நிமிடம், அது இரவு பத்தானாலும் காலை ஒன்பதானாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக இரண்டு மணி நேரம் வாசிப்பதைவிடச் சிறிது சிறிதாகப் பல நாள் வாசிப்பதுதான் கைப்பழக்கமாக நிலைக்கிறது. நைட் ஷிஃப்ட் வாரத்தில் புதிதாக எதையும் தொடாமல் பழையதையே வாசித்தாலும் குற்றமில்லை.

யாரோடு வாசிப்பது?

ஆசிரியர் வேண்டுமா என்றால், முதல் நாலைந்து வகுப்புகளாவது யாரையாவது நேரில் பார்ப்பது நல்லது; கை வைக்கும் விதத்தை வீடியோ திருத்தாது. சான்றிதழ் ஆசை இருந்தால் டிரினிட்டி காலேஜ் லண்டன் நடத்தும் ராக் அண்ட் பாப் தேர்வுகளில் பேஸுக்குத் தனிப் பாடத்திட்டம் உண்டு; இனிஷியலில் தொடங்கி எட்டாவது கிரேடு வரை. ஆனால் கம்பெனி ஆண்டு விழாவிலோ ஆயுத பூஜையிலோ சர்ச் பாடகர் குழுவிலோ வாசிக்க யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. கிட்டார் வாசிக்க நாலு பேர் இருப்பார்கள், பாட எட்டுப் பேர் வருவார்கள், பேஸுக்கு ஆள் இருக்காது. கீபோர்டுக்காரரின் இடக்கைதான் சமாளித்துக்கொண்டிருக்கும். மூன்று மாதம் ரூட் நோட் பழகியவருக்கும் அங்கே நாற்காலி காத்திருக்கிறது.

அப்படி உட்காரும் முதல் நாளில் டிரம்மருக்குப் பக்கத்தில் இடம் பிடியுங்கள், அவர் வலது காலைப் பார்க்க முடிகிற மாதிரி. கிக் டிரம் விழும் இடத்தில் உங்கள் நோட்டும் விழுந்தால் பாதி வேலை முடிந்தது. நடுவில் வழி தவறுவது நிச்சயம். அப்போது நோட்டைத் தேடி விரலை அலையவிடாதீர்கள், தப்பான நோட்டுகள் வரிசையாக வந்தால் எல்லோரையும் இழுத்துவிடும். உள்ளங்கையால் கம்பிகளை மூடுங்கள். மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருங்கள். அடுத்த சுற்றின் ‘ஒன்று’ வரும்போது ரூட்டில் நுழையுங்கள்.